குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அப்பாவை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. இரண்டு மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஸ்கேனில் வலது நுரையீரலில் நிழல் இருக்கிறது. புதுச்சேரியில் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, பரிசோதனைக்குச் சதை எடுக்கச் சொல்கிறார்கள். எட்டு மாதங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மூச்சு அடைத்துவிடுமோ என்று பயப்படுகிறார். இது ஆபத்தானதா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மூக்கு அல்லது வாய் வழியாக உள்ளே செல்லும் அந்தக் குழாய் ஏறத்தாழ 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன்தான், மூச்சுக்குழாய் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமானது என்பதால், குழாயைச் சுற்றிக் காற்று போய்வர இடம் இருக்கும். தொண்டையில் மரப்பு மருந்து அடிப்பார்கள். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இதை அப்பாவிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள், பயம் பாதி குறையும்.

எனக்குக் கவலை தருவது குழாய் அல்ல, ஸ்டென்ட் மாத்திரை. சதை எடுக்கும்போது ரத்தம் கசியும் என்பதால், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெல் மாத்திரையைப் பொதுவாக 5 முதல் 7 நாட்களுக்கு முன் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாதவர் அதைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம். இதய மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யும்வரை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். சீட்டுகளோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீ. விடியற்காலையில் கடலூரில் பஸ் ஏறுமுன் ஒரு டீ குடிப்பது பலருக்கும் பழக்கம். பால் கலந்த டீ சாப்பாட்டுக் கணக்கில் சேரும். ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் உள்ளது எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முடிந்தபின் தொண்டை மரப்பு நீங்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், எதையும் கொடுக்காதீர்கள், புரையேறும். அன்று சளியில் ரத்தக்கோடும் லேசான காய்ச்சலும் வரலாம். சதை எடுத்த இடத்தைப் பொறுத்து, அரிதாகச் சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்தமாகவே இருமுவது, மறுநாளும் விடாத காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் அவர் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் கூடவே இருக்கட்டும்.