கோர் பாதிதான் மேல வருதா? கோர் பேரலை மாத்துறதுக்கு முன்னாடி சார்ட்டைப் பாருங்க

கோர்னா ஆழத்துல இருந்து உருளையா வெட்டி எடுக்குற பாறை, பேரல்னா அதை உள்ள வாங்கிக்கிற நீளக் குழாய். எண்ணெய்க் கிணறுல வேலை பாக்குற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "18 மீட்டர் கோர் வெட்டினோம், மேல வந்தது 11 மீட்டர்தான். இளகின மணல், நடுநடுவே களிப்பாறை. விலை கூடின பேரல் வாங்கினா சரியாகுமா?"

11/18னா 61 சதவீதம், குறைவுதான். ஆனா அந்த 7 மீட்டர் எங்க போச்சுன்னு தெரியாம பேரல் வாங்காதீங்க.

முதல்ல டிரில்லிங் சார்ட்டை, அதாவது வெட்டும்போது வேகமும் விசையும் பதிவான வரைபடத்தை எடுங்க. பிட் (பாறையை வெட்டுற முனை) மேல இருக்குற வெயிட் மாறாம இருக்கும்போதே வெட்டுற வேகம் பட்டுன்னு விழுந்து, டார்க்கும் (சுத்துற விசை) குறைஞ்சிருந்தா அங்கதான் ஜாம் ஆகியிருக்கு. உடைஞ்ச துண்டு ஒண்ணு இன்னர் பேரல்ல (கோர் ஏறுற உள்குழாய்) ஆப்பு மாதிரி இறுகிடும், அதுக்கப்புறம் கீழ இருந்து புதுப் பாறை உள்ள ஏறாது, நாம இன்னும் வெட்டிட்டிருக்கோம்னு நினைப்போம் ஆனா பிட் அந்தப் பாறையை அரைச்சு மட்டோட (கிணத்துக்குள்ள சுத்தி வர்ற சேத்துத் திரவம்) வெளியே அனுப்பிட்டிருக்கும். ஜாம்னு தோணின நிமிஷமே நிறுத்தி மேல எடுத்துடுங்க. "இன்னும் ரெண்டு மீட்டர்"னு தள்ளுறதுதான் நிறைய கோரைத் தின்னுடுது.

சார்ட்ல அப்படி எதுவும் இல்லையா, அப்போ மணலை மட் அரிச்சிருக்கணும், இல்ல கேட்சர் (கோரை அடியில பிடிச்சு வைக்கிற அமைப்பு) பிடிக்காம வழியிலேயே விழுந்திருக்கணும். அடுத்த ரன்ல (திரும்பக் கீழ இறக்குறப்போ) பிட் அடியைத் தொடுறதுக்கு முன்னாடியே எதுலயாவது முட்டினா விழுந்ததுன்னு சந்தேகப்படலாம். இந்த மாதிரி மணலுக்கு சாதாரண ஸ்பிரிங் கேட்சர் பத்தாது, அடியை முழுசா மூடுற கேட்சர் வேணும், மட் கோர் மேல நேரா பாயாத பிட் வேணும், பம்ப் வேகத்தையும் முடிஞ்ச அளவு குறைச்சு வைங்க. செலவு பண்றதுன்னா இதுக்குப் பண்ணுங்க.

மேல இழுக்குறதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். தண்ணி எடையுள்ள மட்னா 10 மீட்டருக்கு சுமார் 1 பார் அழுத்தம். 3000 மீட்டர்ல இருந்து 1500க்கு வர்றப்போ அழுத்தம் பாதியாகுது, கோருக்குள்ள இருக்குற கேஸ் ரெண்டு மடங்கு விரியுது, அவ்வளவுதான். ஆனா கடைசி 200 மீட்டர்ல அழுத்தம் சுமார் 20 பார்ல இருந்து 1 பாருக்கு இறங்குது, அதே கேஸ் சுமார் 20 மடங்கு விரியும், இளகின மணல் அதைத் தாங்காம உள்ளுக்குள்ளேயே பிரிஞ்சு போயிடும். அதனால ஆழத்துல சாதாரண வேகத்துல வாங்க, கடைசி சில நூறு மீட்டர்ல நல்லா மெதுவா, நடுநடுவே நிறுத்தி கேஸ் வெளியேற விட்டு எடுங்க. ரிக் (துளையிடுற மேடை) நேரம் வீணாகுதுன்னு மேலதிகாரிங்ககிட்ட இருந்து சத்தம் வரும், இந்தக் கணக்கையே காட்டுங்க.

மேல வந்ததும் லைனரை (கோர் இருக்குற உள் உறை) தட்டாதீங்க, வளைய விடாதீங்க, தொட்டில் மாதிரி தாங்கி வச்சு படுக்க வைங்க. சுமார் 1 மீட்டர் துண்டா வெட்டி, ஆழம் குறிச்சு, எது மேல்பக்கம்னு கோடு போட்டு உடனே ரெண்டு பக்கமும் மூடிடுங்க. தண்ணி ஊத்திக் கழுவவே கூடாது.

அடுத்த தடவை 18 வேணாம், 9 மீட்டரா வெட்டிப் பாருங்க. டிரிப் (பைப்பை இறக்கி ஏத்துறது) ஒண்ணு கூடும், ஆனா ஜாம் ஆனாலும் இழப்பு அந்த 9 மீட்டருக்குள்ள நிக்கும்.