டெம்ப்ளர்களின் வாக்குமூலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவ அமைப்பின் வீரத்துறவிகள் பொய்ப்பழியால் அழிக்கப்பட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் 1307இல் பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் 134 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படித்தேன். தலைவர் ஜாக் டி மோலேயும் ஒப்புக்கொண்டிருக்கிறார். சிலுவைப் போர்களில் சாவுக்கு அஞ்சாமல் நின்றவர்கள், செய்யாத தவறை ஏன் ஏற்க வேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் எண்ணிக்கை சரிதான். அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் பிரான்ஸ் முழுக்க அவர்களைப் பிடித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே மன்னர் நான்காம் பிலிப்பின் ரகசிய ஆணை அதிகாரிகளுக்குப் போய்விட்டது. கிறிஸ்துவை மறுத்தார்கள், சிலுவையில் துப்பினார்கள், சிலையை வணங்கினார்கள் என்று குற்றப்பட்டியல் தயாராக இருந்தது. ஒப்புக்கொள்கிறவனுக்கு மன்னிப்பு, மறுப்பவனுக்குச் சாவு, தேவைப்பட்டால் சித்திரவதை. அதாவது பதிலை எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பிலிப்புக்குப் பண நெருக்கடி; முந்தைய ஆண்டுதான் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டி அவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

நெருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நெருப்பு இருக்கத்தான் செய்தது. பெர்னார் என்ற டெம்ப்ளர் பாதிரியார் 1310இல் போப்பின் விசாரணைக் குழுவின் முன் வந்து இரண்டு எலும்புகளைக் காட்டினார். தன் பாதங்களை நெருப்பில் காட்டி வாட்டியதில் குதிகாலிலிருந்து கழன்று விழுந்தவை என்றார். அவற்றை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அவர்களுடைய தலைமையகம் இருந்த சைப்ரஸில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. டெம்ப்ளர் அல்லாத சாட்சிகளே அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார்கள். இங்கிலாந்தில் சித்திரவதைக்கு முதலில் இடமில்லாதபோது எல்லோரும் மறுத்தார்கள், சித்திரவதை வந்தபின் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். அமைப்பு ஒன்றுதான், நெறி ஒன்றுதான். வாக்குமூலம் மட்டும் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

சரி, அப்புறமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னார்கள். போப்பின் குழு பாரிஸில் உட்கார்ந்தபோது ஏறக்குறைய 600 பேர் தங்கள் அமைப்புக்காக வாதாட முன்வந்தார்கள். ஆனால் வாக்குமூலத்தை மாற்றினால் மதத்துரோகத்துக்குத் திரும்பியவன் என்று பெயர், அதற்குத் தண்டனை தீ. 1310 மே 12இல் 54 பேரை வண்டிகளில் ஏற்றிப்போய் பாரிஸுக்கு வெளியே உயிரோடு எரித்தார்கள். தீர்ப்பளித்த சபைக்குத் தலைமை தாங்கிய பேராயர், மன்னருடைய அமைச்சரின் தம்பி.

மறுநாள் எய்மரி என்ற டெம்ப்ளர் குழுவின் முன் வந்தார். ஐம்பது வயது. முகம் வெளிறி நடுங்கிக்கொண்டிருந்தார். அமைப்பின் மேல் சுமத்திய குற்றம் எல்லாமே பொய் என்றார். ஆனால் நேற்று அந்த வண்டிகளைப் பார்த்தேன், என்னையும் எரிப்பார்கள் என்றால் தாங்க மாட்டேன், கேட்டால் ஆண்டவரைக் கொன்றதே நான்தான் என்றுகூட ஒப்புக்கொள்வேன் என்றார். தான் இப்படிச் சொன்னதை மன்னரின் ஆட்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினார். சாவுக்கு அஞ்சாதவர்கள் என்று நீங்கள் சொன்ன அமைப்பைச் சேர்ந்தவர்தான் இவர். பக்கத்தில் தோழர்களும் கையில் வாளும் இருக்கும்போது வருகிற துணிச்சலை, சங்கிலியில் தனியாகக் கிடக்கிறவனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் அமைப்பைக் கலைத்தார். குற்றம் நிரூபணமானது என்று தீர்ப்பளித்து அல்ல, தன் அதிகாரத்தால்.

மோலேக்கு வருகிறேன். 1314 மார்ச்சில், ஏறக்குறைய ஏழாண்டுச் சிறைக்குப் பின், நோத்ருதாம் தேவாலயத்தின் முன் அவருக்கு ஆயுள் சிறை என்று அறிவித்தார்கள். வாய் திறக்காமல் இருந்திருந்தால் உயிராவது மிஞ்சியிருக்கும். அவரும் இன்னொரு டெம்ப்ளர் தலைவரான ஜெஃப்ராய் டி ஷார்னேயும் எழுந்து, நாங்கள் ஒப்புக்கொண்டது பொய், எங்கள் அமைப்பு தூயது என்றார்கள். அன்றே சேன் ஆற்றுத் தீவு ஒன்றில் இருவரையும் எரித்தார்கள். நீங்கள் சொன்ன அந்த 134 பேரில் இவர்கள் இருவரும் உண்டு.