கல்யாண ஜாக்கெட்டும் 58 கிலோவும்

வணக்கம் அக்கா,

நான் கொளத்தூர்ல இருக்கேன், வயசு 44. உங்களை ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை, அதுவும் இப்படி ஒரு விஷயத்துக்கு எழுதுவேன்னு நெனைக்கவே இல்ல. வர்ற தை மாசம் நாத்தனார் பொண்ணு கல்யாணம். என் கல்யாணப் புடவையையே கட்டிக்கலாம்னு பீரோவுலேர்ந்து எடுத்தேன். 2006ல கட்டினது, அரக்கு கலர் காஞ்சிபுரம் பட்டு, அதே பட்டுல ஜாக்கெட். புடவைக்கு ஒரு குறையும் இல்ல. ஜாக்கெட்தான் கை மேல ஏறவே அழுகை வருது, ஊக்கு பக்கம் ரெண்டு விரக்கடை இடைவெளி. கொடுமை என்னன்னா கல்யாணத்தப்ப நான் 58 கிலோ, இப்பவும் 58தான், சில நாள் 58.5 காட்டும். கடையில எடுக்கற குர்தி அப்பவும் எம், இப்பவும் எம். வீட்டுக்காரர் ஜாக்கெட் சுருங்கியிருக்கும்னு சொல்றார். பொண்ணு எடை மெஷின் ரிப்பேர்ங்கறா. யார் சொல்றது சரி? இன்னும் மூணு மாசம் இருக்கு, ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டா போட முடியுமா? பேர் போட வேண்டாம் ப்ளீஸ்.

*

அன்புள்ள கொளத்தூர்க்காரருக்கு,

முதல்ல சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்களைப் பாத்து இல்ல, உங்க வீட்டுக்காரர் சொன்னதைப் பாத்து. எங்க வீட்லயும் இதே டயலாக் வந்துச்சு. பாச்சை உருண்டையோட மடிச்சு வெச்ச பட்டு தண்ணியே படாம தானா எப்படிங்க சுருங்கும். உள்ள குடுக்கற காட்டன் லைனிங் துவைச்சா சுருங்கும், வாஸ்தவம், ஆனா கல்யாண ஜாக்கெட்டை யாரு வாளியில ஊற வெக்கறா.

பொண்ணு சொல்றது கூட ஒரு அளவுக்கு நியாயம்னு சொல்லலாம். வீட்டு எடை மெஷினை டைல்ஸ் மேல வெச்சா ஒண்ணு காட்டும், மிதியடி மேல வெச்சா ஒண்ணு காட்டும். அது சரியா இருந்தாலும் நம்ம உடம்பே ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, முந்தின ராத்திரி அப்பளம் ஊறுகாய்னு உப்பு தூக்கலா சாப்ட்டிருந்தா தண்ணி தங்கி காலையில ஒரு கிலோ கூடத்தான் இருக்கும், ரெண்டு நாள்ல அதுவே போயிடும். மெரினாவுல ஒருத்தர் எடை மெஷினை மணல்ல ஒரு பலகை மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார் இல்ல, நான் சுண்டல் சாப்பிட்டுட்டு செருப்போட ஏறி நின்னு ரெண்டு கிலோ ஏறிடுச்சுன்னு வீடு வரைக்கும் பொலம்பிக்கிட்டே வந்திருக்கேன். ஆனா நீங்க சொல்றது ஒரு நாள் கணக்கு இல்ல, வருஷக் கணக்கா 58ன்னு வருது. அதனால மெஷின் ரிப்பேர் இல்ல. 58ன்னா 58தான். அந்த 58 கிலோவுல என்னென்ன இருக்குன்றது மட்டும் அதுக்குத் தெரியாது.

சமையக்கட்டுல சன்ஃப்ளவர் ஆயில் பாக்கெட் இருந்தா எடுத்துப் பாருங்க. ஒரு லிட்டர்னு பெருசா போட்டிருக்கும், பக்கத்துல சின்னதா 910 கிராம்னு இருக்கும். கொழுப்பு தண்ணியை விட லேசு, அவ்ளோதான் விஷயம். நம்ம உடம்புல இருக்கற கொழுப்பும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், லிட்டருக்கு 900 கிராம். தசை அப்படி இல்ல, லிட்டருக்கு 1060 கிராம் வரும். இப்ப ஒரு பேச்சுக்கு வெச்சுப்போம், இத்தனை வருஷத்துல உங்க உடம்புல அஞ்சு கிலோ தசை கொறைஞ்சு அஞ்சு கிலோ கொழுப்பு சேந்திருக்குன்னு. மெஷின் முள்ளு அசையவே அசையாது. ஆனா உடம்பு முக்கால் லிட்டருக்கு மேல பெருசாகியிருக்கும். இதுக்கு நீங்க ஒண்ணும் தப்பு பண்ணியிருக்கணும்னு இல்ல, உடம்புக்கு வேலை குடுக்காம விட்டா முப்பதுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேர்ந்து 8 சதவீதம் வரை தசை கரையும்னு டாக்டர்ங்க சொல்ற கணக்கு இருக்கு, அது பாட்டுக்கு நடக்கும், வலிக்காது, தெரியாது.

முக்கால் லிட்டர் உடம்பு பூரா பரவினா ரெண்டு விரக்கடை வராதேன்னு கேப்பீங்க. கரெக்ட். விஷயம் அளவுல மட்டும் இல்ல, இடத்துல இருக்கு. தசை போறது தொடையில, முதுகுல, தோள்லன்னு எல்லா இடத்துலேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சமா போகும். கொழுப்பு வரும்போது அப்படி பங்கு போட்டு வராது, வயித்துல வரும், மேல் கையில வரும், முதுகுல பிரா பட்டைக்குக் கீழ ஒரு மடிப்பா வரும். அதுவும் நாப்பதைத் தாண்டி பீரியட்ஸ் தள்ளிப்போக ஆரம்பிக்கற வயசுல இடுப்பு தொடைன்னு சேந்துக்கிட்டிருந்தது வயித்துப்பக்கம் இடம் மாத்திக்கும். ஜாக்கெட் எங்கெங்க தொடுது பாருங்க: மேல் கை, அக்குள், முதுகு, மார்புக்குக் கீழ இருக்கற பட்டி. ஒண்ணு விடாம கொழுப்பு வந்து உக்கார்ற இடம்.

இது நமக்கு மட்டும் இவ்ளோ கண்ணை உறுத்தறதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டர்ங்க தங்களோட போட்டோவையே போட்டு ஒரு சின்ன கட்டுரை எழுதினாங்க. ஒருத்தர் புனே டாக்டர் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் டாக்டர் யுட்கின். போட்டோவுல ரெண்டு பேருமே ஒல்லியாத்தான் இருப்பாங்க, ரெண்டு பேர் பிஎம்ஐயும் 22.3. கொழுப்பை அளந்தா லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2. உயரத்துக்கு ஏத்த எடைன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணு, உள்ள இருக்கற சரக்கு ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். ஒல்லியா இருக்கறவங்களுக்கு எப்படி சுகர் வருதுன்னு நம்ம தெருவுல நாலு பேரைப் பாத்து ஆச்சரியப்பட்டிருப்போமே, அதுக்கெல்லாம் பாதி பதில் அந்த போட்டோவுல இருக்கு.

சரி, குர்தி. அப்பவும் எம் இப்பவும் எம்னு நீங்க எழுதினதைப் படிச்சப்பதான் எனக்கு நெஜமாவே பாவமா இருந்துச்சு, ஏன்னா அந்த எம்முக்கு எந்த ஊர்லயும் வாக்கு சுத்தம் கிடையாது. அமெரிக்காவுல 1939, 40ல அரசாங்கமே முன்ன நின்னு சுமார் 15,000 பொம்பளைங்களை ஆளுக்கு 59 அளவு எடுத்தாங்க, அதை வெச்சு 1958ல ஒரு சைஸ் ஸ்டாண்டர்டும் கொண்டாந்தாங்க. யார் உடம்பும் அதுக்குள்ள ஒழுங்கா அடங்கல, 1983ல வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்கப்பறம் கம்பெனிக்கு ஒரு டேப். பழைய பன்னெண்டாம் நம்பர் சைஸை எட்டுன்னு எழுதி ஒட்டினா வாங்கறவங்க சந்தோஷமா பில் போடறாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம நாட்டுக்குன்னு ஒரு பொது அளவே இல்லாம, அமெரிக்கா லண்டன் சார்ட்டை வெச்சு அங்க இங்க கூட்டிக் கொறைச்சுதான் இவ்ளோ நாள் ஓட்டியிருக்கோம், அதனாலதான் நிஃப்ட்ங்கற அரசாங்க ஃபேஷன் காலேஜ் மூலமா ஜவுளி அமைச்சகம் 25,000 பேரை த்ரீ டி ஸ்கேனர்ல நிக்க வெச்சு இந்தியாசைஸ்னு அளவு எடுக்கற வேலையை ஆரம்பிச்சாங்க. நான் தி.நகர்ல ஒரே கடையில, ஒரே நாள்ல, கீழ் மாடியில எம், மேல் மாடியில டபுள் எக்ஸ்எல் எடுத்துட்டு வந்தவ. படி ஏறினதுல வேணா நாலு கலோரி கொறைஞ்சிருக்கும்.

இதுல ஆம்பளைங்க கதை தனி. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா பேண்ட் 34தான்னு காலரைத் தூக்கி விட்டுப்பார். 34 மாறல, நெஜம்தான், பேண்ட் நிக்கற இடம்தான் தொப்புள்லேர்ந்து எறங்கி எறங்கி தொப்பைக்குக் கீழ ஒதுங்கிடுச்சு.

நமக்கு புடவை. புடவை மாதிரி விட்டுக் குடுக்கற துணி ஒலகத்துல கிடையாது, எந்த உடம்பா இருந்தாலும் கொசுவத்துல ரெண்டு மடிப்பு கூட, ரெண்டு மடிப்பு கொறைய, யாருக்கும் தெரியாது. பாவாடை நாடா மட்டும் சொல்லும். முடி போட்டதுக்கப்பறம் ஒரு சாண் தொங்கினது, ஒரு நாள் பாத்தா முடி போடவே விரலுக்குச் சிக்காம இருக்கும். நாம என்ன பண்ணுவோம், பின்னைக் கோத்து நீளமா ஒரு புது நாடா போட்டுடுவோம். பஞ்சாயத்து முடிஞ்சுது.

இப்ப உங்க ஜாக்கெட்டுக்கு வர்றேன், எனக்கு இது புரிஞ்ச கதையைச் சொன்னாதான் சரியா வரும். எங்க மேற்கு மாம்பலத்துல ஒரு சந்துல ஒரு மாஸ்டர், இருபது வருஷத்துக்கு மேல எனக்கு அவர்தான் தைக்கறார். நாம யாரும் ஒவ்வொரு தடவையும் டேப் வெச்சு அளவு குடுக்கறதில்ல இல்லையா, நல்லா பொருந்தற ஒரு ஜாக்கெட்டை அளவு ஜாக்கெட்னு குடுத்துட்டு வந்துடுவோம், குடுக்கும்போது ‘மாஸ்டர், இதே மாதிரிதான், கை மட்டும் கொஞ்சம் லூஸ்’ அப்படின்னு ஒரு வார்த்தை. புதுசு தெச்சு வரும். அடுத்த வருஷம் அந்தப் புதுசுதான் அளவு ஜாக்கெட். அதையும் குடுக்கும்போது ‘கொஞ்சம் லூஸ்’. நாலு வருஷம் முன்னாடி என் அளவு ஜாக்கெட் அவர் கடையில தீபாவளி கூட்டத்துல எங்கயோ மாறிப்போச்சு, அதனால டேப்பை எடுத்தார். அளந்துட்டு பழைய நோட்டைப் புரட்டினார், நீள நோட்டு, என் பக்கத்துல மயில் கழுத்து கலர்ல ஒரு துண்டுத் துணி குண்டூசியில குத்தி அதோட துருவே துணியில ஏறியிருந்துச்சு, அதுல மார்பு 34, கை லூஸ் பத்தரைன்னு பென்சில்ல எழுதியிருந்தார். இப்ப எழுதினது 38, பதிமூணு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஏன் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லலன்னு கேட்டேன். டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே, ‘நீங்கதானம்மா ஒவ்வொரு தடவையும் லூஸ்னு சொன்னீங்க’ன்னார்.

கம்பெனிக்காரன் லேபிளை மாத்தறான்னு திட்டறோம், அதே வேலையை நாம அளவு ஜாக்கெட்டை வெச்சு வருஷா வருஷம் கையாலயே பண்ணிக்கிட்டிருந்திருக்கோம். குர்தி தளர்ந்து குடுத்துது, நாடா நீண்டு குடுத்துது, மெஷினுக்குத் தெரிஞ்சது கிலோ மட்டும்தான். உங்க வீட்ல 2006லேர்ந்து அசையாம நின்ன ஒரே அளவுகோல் பீரோவுல பூட்டி வெச்ச அந்த ஜாக்கெட்தான். அது சொல்றதை நம்புங்க.

நம்பிட்டு என்ன பண்றது? ராத்திரி சாப்பாட்டை விடற ஐடியாவை மட்டும் விட்டுடுங்க. பட்டினி கிடந்தா மொதல்ல தண்ணி போகும், அதோட தசையும் சேந்து போகும், மெஷின்ல 55 காட்டும், நீங்க சந்தோஷமா பீரோவைத் தொறப்பீங்க, ஊக்கு அப்பவும் சேராது. இருக்கற கொஞ்சநஞ்ச தசையையும் குடுத்துட்டு நிக்கக்கூடாது. பருப்பு, முட்டை, சுண்டல்னு கொஞ்சம் கூட்டி சாப்ட்டு, கை காலுக்கு வெயிட் தூக்கற மாதிரி வேலை குடுங்க, ஜிம் வேணும்னு இல்ல, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்கி எறக்கறதுல கூட ஆரம்பிக்கலாம். நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒன்றரை வருஷம் ஆச்சு, எடை ஒரே ஒரு கிலோதான் கொறைஞ்சிருக்கு, மாஸ்டர் நோட்டுல கை லூஸ் பன்னெண்டுக்கு வந்திருக்கு.

அப்பறம் ஒரு இன்ச் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை சாதாரணமா விட்டுட்டு, வயித்தை எக்காம அளந்து பாருங்க. நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு டாக்டர்ங்க வெச்சிருக்கற வரம்பு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொண்ணரை இன்ச். ஆம்பளைங்களுக்கு 90, வீட்டுக்காரரையும் நிக்க வெச்சு அளந்துடுங்க, பேண்ட் நிக்கற இடத்துல இல்ல, நான் சொன்ன இடத்துல. தாண்டியிருந்தா பயப்பட வேண்டாம், வெறும் வயித்துல சுகரும் அந்த மூணு மாச ஆவரேஜ் டெஸ்ட்டும் எடுத்து டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. 2006ல தெச்சவர் நல்ல டெய்லரா இருந்தா ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சாவது துணி உள்ள விட்டு மூணு தையல் போட்டிருப்பார். ரெண்டு தையலைப் பிரிச்சா உங்க ரெண்டு விரக்கடை அங்கயே கெடைச்சுடும். ஆனா பட்டுல ஊசி போன ஓட்டை ஒரு கோடா நிக்கும், அயர்ன் பண்ணாலும் போகாது, உள்ள மடிஞ்சிருந்த அரக்கு வெளிய இருக்கறதை விட கொஞ்சம் அடர்த்தியா தெரியும், அக்குள் பக்கம்தானே, கையைத் தூக்கி யாரும் பாக்கப் போறதில்ல. கைக்கு மட்டும் பிரிச்சாப் போதாது, அக்குள்ல ஒரு சின்ன துண்டு வெச்சுத் தரச் சொல்லுங்க, முந்தானைக்கு எதிர் முனையில அரக்குத் துணி ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினாலே போதும், கொசுவத்துக்குள்ள போயிடும்.

இப்ப தீபாவளி நேரத்துல கொண்டு போய் நீட்டாதீங்க, எந்த மாஸ்டரும் முகம் குடுத்துப் பேச மாட்டார். கார்த்திகையில குடுங்க. மார்கழி பாதிக்கு மேல போனா தை கல்யாணத் துணியெல்லாம் குவிஞ்சு, உங்களுது மூட்டைக்கு அடியில போயிடும். அளவு ஜாக்கெட் குடுக்காதீங்க, டேப் வெச்சு எடுக்கச் சொல்லிட்டு, நம்பரை நீங்களும் ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டு வாங்க.