கட்டி தெரிவது ஓரிடம், பிறந்தது வேறிடம்: பாப்பிலரி தைராய்டு கேன்சர் கேள்வி பதில்

நான் ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லை. அவர்கள் வெட்டி எடுத்து ஃபார்மலின் டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற பேத்தாலஜிஸ்ட் நான். முப்பது வருஷம் இதே வேலை, போன வருஷம்தான் ஓய்வு. மாத்திரை அளவு, ஆபரேஷன் தேதி எல்லாம் உங்களைப் பார்க்கிற டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், மற்றதைக் கேளுங்கள் என்றேன். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்! ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தென்காசி): டாக்டரம்மா, என் தங்கச்சி மகளுக்கு 19 வயசு. கழுத்துல வலது பக்கம் நெறி கட்டின மாதிரி ஒரு கட்டி. டி.பி.யா இருக்கும்னு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா, கரையல. இப்போ ஊசி டெஸ்ட்ல தைராய்டு கேன்சர்னு வருது. தைராய்டு தொண்டைக்கு நடுவுலதானே இருக்கு? பக்கத்துல எப்படி வந்துச்சு?

பதில்: இது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற கதை. கழுத்தில் நெறி கட்டினால் டி.பி. என்று நினைப்பதில் தப்பில்லை. கண்டமாலை என்று அதற்கொரு பெயரே வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் ஊசி போட்டுப் பார்க்காமல் மாத்திரையை ஆரம்பித்தது தப்பு.

தைராய்டு கேன்சரில் அதிகம் வருகிற வகை பாப்பிலரி. அது இரத்தத்தைவிட நிணநீர்ப் பாதையைத்தான் அதிகம் நாடும். முதலில் மூச்சுக்குழாயை ஒட்டிய நெறிகளுக்குப் போகும், பிறகு பக்கவாட்டுக்கு. சில சமயம் நடுவில் உள்ளதைத் தாண்டி நேரே பக்கவாட்டுக்கே போய்விடும். தாய்க்கட்டி மிளகு அளவுகூட இருக்காது, போய்ச் சேர்ந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நிற்கும். அப்படிப்பட்ட தைராய்டு ஒன்று வந்தால் எங்களுக்கு அன்றைய நாள் போச்சு. மெல்லிய துண்டங்களாக அரிந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கடைசித் துண்டில் வெள்ளையாக ஒரு தழும்பு மாதிரி, கத்தி முனைக்குக் கொஞ்சம் கடினமாகத் தட்டுப்படும். அதுதான் பிறந்த வீடு.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிறு வயதுக்காரர்களுக்கு இந்த நெறி நீர்க்கட்டியாகவே மாறிவிடும். ஊசியில் இழுத்தால் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும், செல் ஒன்றும் பெரிதாக இருக்காது. 'பிறவி நீர்க்கட்டி' என்று ரிப்போர்ட் போய்விடும். அதனால் சந்தேகம் வந்தால் அதே ஊசியை உப்புநீரில் அலசி, அந்தத் தண்ணீரில் தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று பார்ப்போம். தைராய்டு செல் மட்டுமே செய்கிற புரதம் அது. பக்கவாட்டு நெறிக்குள் அதற்கு வேலையே கிடையாது. இருந்தால் விருந்தாளி யாரென்று தெரிந்துவிடும்.

நான் படித்த காலத்துப் பழைய புத்தகங்களில் 'பக்கவாட்டில் வழி தவறிய தைராய்டு' என்று ஒரு பெயர் இருந்தது. கழுத்தோரத்தில் தைராய்டுத் திசு கிடைத்தால் அது கருவிலேயே அங்கே தங்கிவிட்டது, பாவம், ஒன்றும் செய்யாது என்று நம்பினார்கள். பிறகுதான் புரிந்தது, அதில் பெரும்பாலானவை தைராய்டிலிருந்து பரவி வந்த பாப்பிலரி கேன்சர்தான் என்று. ரிப்போர்ட்டில் இன்றைக்கு யாராவது அந்தப் பெயரை எழுதியிருந்தால் ஸ்லைடை இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (அதே வீட்டிலிருந்து): நெறிக்குப் பரவிட்டா மூணாவது ஸ்டேஜ், நாலாவது ஸ்டேஜ்னு சொல்றாங்களே?

பதில்: இந்த நோயில் ஸ்டேஜை வயதுதான் பாதி தீர்மானிக்கிறது. 55 வயதுக்குக் கீழே இருந்தால் மூன்று, நான்கு என்ற ஸ்டேஜே கிடையாது. நெறியில் எத்தனை இருந்தாலும் முதல் ஸ்டேஜ். நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போயிருந்தால் இரண்டு. முன்பு இந்த எல்லை 45ஆக இருந்தது, 2018இலிருந்து 55. நெறியோடு நின்றிருந்தால் உங்கள் தங்கச்சி மகள் முதல் ஸ்டேஜ்தான். ஆனால் ஸ்டேஜ் சொல்வது உயிருக்கு உள்ள ஆபத்தை மட்டும். நெறியில் திரும்ப வருவது இந்த நோயின் குணம், அதனால் வருஷக்கணக்கில் செக்கப்புக்குப் போக வேண்டியிருக்கும். பிள்ளைக்கு அதைச் சொல்லியே வளருங்கள்.

கேள்வி (ஈரோடு): கழுத்துல கிடைச்சாலும் நுரையீரல்ல கிடைச்சாலும் 'பாப்பிலரி'ன்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீங்க?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. பெயர் என்னவோ பெரணி இலை மாதிரி கிளை கிளையாக விரியும் அமைப்பை வைத்து வந்தது. ஆனால் அந்தக் கிளை இல்லாமலும் பாப்பிலரி உண்டு. முகவரி இருப்பது செல்லின் உட்கருவில். அரிசி மாவு போல உள்ளே வெளுத்து, ஓரம் மட்டும் கோடு போட்டது மாதிரி இருக்கும். நடுவில் காப்பிக்கொட்டையில் இருக்கிற மாதிரி ஒரு பள்ளக்கோடு. ஒன்றின் மேல் ஒன்று, கூடையில் கொட்டிய முட்டைகள் மாதிரி நெருக்கிக்கொண்டு கிடக்கும். அங்கங்கே சுண்ணாம்பு மணல். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாகத் தெரியுமே, அதே அச்சு. சில சமயம் நெறியில் கேன்சர் செல்லே கண்ணில் படாது, இந்த மணல் உருண்டை ஒன்று மட்டும் கிடக்கும். நெறியில் அதைப் பார்த்தால் நான் இருக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், இன்னும் ஆழமாக வெட்டித் தரச் சொல்லி லேப் டெக்னீஷியனை நச்சரிப்பேன்.

கேள்வி (கும்பகோணம்): என் மகனுக்கு 26 வயசு. நாக்கை நீட்டினா மேலே ஏறுற கட்டி கழுத்து நடுவுல இருந்துச்சு. சாதாரண நீர்க்கட்டின்னு எடுத்தாங்க. இப்போ அந்தக் கட்டியோட தோல்லயே பாப்பிலரி இருக்குன்னு ரிப்போர்ட். தைராய்டு நல்லா இருக்காம். எப்படிம்மா?

பதில்: இதற்குக் கருவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தைராய்டு முளைப்பது கழுத்தில் இல்லை, நாக்கின் பின்பக்க அடிவேரில். கரு நாலாவது வாரத்தில் இருக்கும்போது அங்கே அரும்பி, கீழே இறங்கி, ஏழாவது வாரத்தில் கழுத்துக்கு வந்து சேர்கிறது. வந்த வழி ஒரு குழாயாக இருந்து, பிறகு அடைந்துபோய்விடும். சிலருக்கு அடையாமல் நின்று, உள்ளே நீர் கோர்த்துக் கட்டியாகும். நாக்கோடு உறவு இருப்பதால்தான் நாக்கை நீட்டினால் அது மேலே ஏறுகிறது.

வழியில் சிந்திய தைராய்டு செல்கள் அந்தக் கட்டியின் சுவரில் இருக்கும். தைராய்டுக்கு வருகிற நோய் அதற்கும் வரலாம். இப்படிப்பட்ட நீர்க்கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றில்தான் கேன்சர், அதிலும் பெரும்பாலும் பாப்பிலரி. ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் சந்தேகப்படாமல் போனதற்கு டாக்டரைத் திட்டாதீர்கள். எங்கள் ஸ்லைடில்தான் இது முதலில் தெரியவரும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: கட்டியை மட்டும் எடுத்தார்களா, சிஸ்ட்ரங்க் முறையில் எடுத்தார்களா? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த வால்டர் சிஸ்ட்ரங்க் 1920இல் எழுதிய முறை அது. பழைய பாதை ஹையாய்டு என்ற லாட வடிவ எலும்பை ஒட்டிப் போவதால், அந்த எலும்பின் நடுப்பகுதியையும் நாக்கடி வரை உள்ள திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அப்படி முழுசாக எடுத்து, கேன்சர் சிறியதாக, கட்டிக்குள்ளேயே இருந்து, தைராய்டு ஸ்கேனும் நெறிகளும் சுத்தமாக இருந்தால், பல இடங்களில் தைராய்டைத் தொடாமல் கண்காணிப்பார்கள். கட்டியைத் தாண்டியிருந்தால் கதை வேறு.

கேள்வி (நாகர்கோவில்): நாக்கடியிலேயே தைராய்டு தங்கிடுமாமே, எடுத்துடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் இருக்கிற ஒரே தைராய்டு அதுதான். கழுத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேன்சர் அதில் அபூர்வம்.

கேள்வி (சேலம், பெண்): கர்ப்பப்பை பக்கத்துல கட்டின்னு சினைப்பையை எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 'ஸ்ட்ரூமா ஓவரி', அதுக்குள்ள பாப்பிலரி கார்சினோமான்னு இருக்கு. என் கழுத்துல ஒண்ணுமே இல்ல. லேப்ல மாத்திட்டாங்களா?

பதில்: மாற்றவில்லை, அக்கா. சினைப்பையில் வருகிற டெர்மாய்டு கட்டியைத் திறந்தால் முடி இருக்கும், பல்கூட இருக்கும். கருமுட்டை செல் உடம்பின் எந்தத் திசுவாகவும் ஆகக்கூடியது என்பதால் இந்த வேடிக்கை. அந்த வரிசையில் தைராய்டும் வரும். கட்டியில் பாதிக்கு மேல் தைராய்டாக இருந்தால் அதற்கு ஸ்ட்ரூமா என்று பெயர். வெட்டினால் பார்த்த உடனே தெரியும்: முடியும் கொழுப்புமாக இருக்கிற கட்டிக்கு நடுவில், கருப்பட்டிப் பாகு உறைந்த மாதிரி பளபளவென்று ஒரு பகுதி. நான் முதல் தடவை பார்த்தபோது என் பேராசிரியரைக் கூப்பிட ஓடினேன்.

இதில் கேன்சர் ஆவது மிகக் குறைவு, ஸ்ட்ரூமாக்களிலேயே சுமார் 5 சதவீதம். இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, கழுத்துத் தைராய்டில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா, அங்கிருந்து வந்ததா என்று ஸ்கேன். இரண்டு, கட்டி சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்ததா, உறை உடைந்ததா. பரவியிருந்தால் கழுத்துத் தைராய்டு நல்லதாக இருந்தாலும் அதை எடுக்கச் சொல்வார்கள். விசித்திரமாகத் தோன்றும். காரணம் இருக்கிறது: கழுத்தில் தைராய்டு இருக்கும் வரை, பரவிய செல்களை அழிக்கக் கொடுக்கிற கதிரியக்க அயோடினை அதுவே குடித்துவிடும். அதுவும் தைரோகுளோபுலின் செய்வதால், இரத்தத்தில் அதைப் பார்த்தும் பயனிருக்காது.

கேள்வி (மதுரை): அப்பாவுக்கு நுரையீரல்ல சின்னச் சின்னப் புள்ளிகள். பயாப்ஸியில 'டிடிஎஃப்-1 பாசிட்டிவ்'னு வந்ததால லங் கேன்சர்னு சொல்லிட்டாங்க. பதினொரு வருஷம் முன்ன தைராய்டு ஆபரேஷன் ஆனவர்.

பதில்: அந்தப் பழைய ஆபரேஷன் விவரத்தை பயாப்ஸி படிவத்தில் யாராவது எழுதினார்களா? அந்த ஒரு வரி இல்லாததால் வழி தவறிய ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். டிடிஎஃப்-1 என்பது தைராய்டு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்-1, செல்லில் சாயம் போட்டுப் பார்க்கிற ஒரு புரதம். அந்தச் சாயம் நுரையீரலிலும் ஏறும், தைராய்டிலும் ஏறும். அதன் பெயரிலேயே தைராய்டு இருக்கிறது. அதே பிளாக்கில், அதாவது திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கிற கட்டியில், தைரோகுளோபுலின், பாக்ஸ்-8 என்ற இரண்டு புரதங்களுக்கும் சாய டெஸ்ட் போடச் சொல்லுங்கள். அவை பாசிட்டிவ் என்றால் இது நுரையீரலுக்குக் குடிபோன தைராய்டு கேன்சர், வைத்தியமே வேறு. அந்த செல்கள் அயோடினை இழுக்கிறவையாக இருந்தால் கதிரியக்க அயோடினே அவற்றைத் தேடிப்போய் அடிக்கும். நியூயார்க்கில் சாமுவேல் செய்ட்லின் 1940களில் ஆரம்பித்துவைத்த வைத்தியம், இன்றும் நிற்கிறது. பத்து வருஷம் கழித்து வந்தது என்பதில் ஆச்சரியமில்லை, மெதுவாக நடக்கிற நோய் இது.

கேள்வி (சென்னை): மாஸ்டர் செக்கப்ல 6 மி.மீ. கட்டி, பாப்பிலரி. சும்மா விடலாம்னு ஒரு டாக்டர், உடனே எடுக்கணும்னு இன்னொருத்தர்.

பதில்: ஜப்பானின் கோபெயில் உள்ள குமா மருத்துவமனை 1993இலேயே இதை ஆரம்பித்துவிட்டது: ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, நெறியில் இல்லாமல், மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டாமல் இருந்தால் எடுக்காமல் ஸ்கேன் மட்டும் பார்ப்பது. 10 வருஷத்தில் 3 மி.மீ. வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு, நெறியில் வந்தது 4 சதவீதத்துக்கும் கீழே. வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. மறுபக்கம் தென் கொரியாவைப் பாருங்கள். செக்கப்போடு கழுத்து ஸ்கேனையும் சேர்த்ததால் 2011இல் தைராய்டு கேன்சர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 1993ஐப் போல 15 மடங்கு. சாவு எண்ணிக்கை அசையவில்லை. என்னைக் கேட்டால், தொந்தரவு இல்லாதவர் செக்கப் பேக்கேஜில் தைராய்டு ஸ்கேனை வாங்கவே வேண்டாம். கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி கட்டி இருக்கிற இடத்தைப் பொறுத்தது: மேலே சொன்ன மாதிரி எதையும் ஒட்டாமல் இருந்து, ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வருவேன், தூக்கம் கெடாது என்றால் முதல் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி (பல பேர்): முட்டைக்கோஸ் சாப்பிடலாமா? செல்போன் டவரால வருதா?

பதில்: சாப்பிடுங்கள். டவர் காரணம் என்று நிரூபணம் இல்லை. நிரூபணமான காரணம் சிறு வயதில் கழுத்தில் பட்ட கதிரியக்கம். 1986 செர்னோபிலுக்குப் பிறகு பெலாரஸ், உக்ரைன் பிள்ளைகளுக்கு வந்தது அப்படித்தான், முக்கியமாகப் பால் வழியாகப் போன அயோடின்-131.

கேள்வி (திருச்சி): அம்மாவுக்கு அயோடின் கொடுக்குறதுக்கு முன்ன உப்பை மாத்தணுமாம். கல் உப்பு போதுமா?

பதில்: பாக்கெட்டைப் படியுங்கள், கல் உப்பிலும் இப்போது அயோடின் சேர்த்தே விற்கிறார்கள். அயோடின் சேர்க்காதது என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு மீன், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, பால், தயிர் வேண்டாம். கடை ஊறுகாய், ஹோட்டல் சாப்பாடு, சிப்ஸும்தான். அதில் என்ன உப்பு என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி (புதுச்சேரி): இரண்டாவது அபிப்பிராயத்துக்கு ரிப்போர்ட் காப்பி போதுமா?

பதில்: போதாது. ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், அது உங்கள் உரிமை. புதிதாக வெட்டிப் பார்க்கவும், வேறு டெஸ்ட் போடவும் பிளாக்தான் வேண்டும். ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வையுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கிற காரின் முன் கண்ணாடிப் பக்கம் வைத்துவிட்டு சாப்பிடப் போய்விடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.