கடனட்டைக் காசு கழிகிற நாள் போயாவில் விழுந்தால்?

கேள்வி: அண்ணை, என் கடனட்டைக்குக் கடைசி நாள் ஒவ்வொரு மாதமும் 12ஆம் திகதி. சம்பளம் விழுகிற கணக்கிலிருந்து முழுத் தொகையையும் தானாகக் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்கு ஒரு வங்கி, அட்டை வேறு வங்கி. இந்த 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் 12ஆம் திகதி கணக்கில் போதிய காசு இருந்தும் கழியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கைவிசேடத்துக்கும் சாமானுக்கும் கொஞ்சம் எடுத்தேன். அடுத்த ஸ்டேட்மென்டில் தாமதக் கட்டணமும் வட்டியும் போட்டிருக்கிறார்கள். வங்கி லீவு விட்டால் அது என் பிழையா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: லீவு உங்கள் பிழை இல்லை தங்கச்சி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடுத்த காசுதான் வினையாகியிருக்க வேண்டும். அந்த நாட்களை ஒருக்கால் பாருங்கள்: 12 சனிக்கிழமை, அன்றுதான் போயாவும் (பௌர்ணமி விடுமுறை), 13 ஞாயிறு, 14 திங்கள் புத்தாண்டு. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கி தானாகக் காசை இழுப்பது வழமையாக ஸ்லிப்ஸ் என்கிற முறையில்தான் போகும், அது வங்கி வேலைநாட்களில் மட்டும் ஓடுகிற ஒன்று. ஆகவே 12ஆம் திகதிக் கழிப்பு புத்தாண்டு முடிந்து வங்கி திறந்த பிறகுதான் உங்கள் கணக்கைத் தட்டியிருக்கும். அப்போது காசு குறைவு, கழிப்புத் திரும்பிப் போய்விட்டது.

எங்கள் ஆட்கள் பலர் குழம்புவது எங்கே என்றால், போயா இரவு பத்து மணிக்கும் போனில் ஆப்பைத் திறந்து காசு அனுப்பினால் உடனே போய்ச் சேருகிறதே, பிறகென்ன லீவு என்று கேட்பார்கள். அது செஃப்ட்ஸ், 2015இல் வந்தது, 24 மணி நேரமும் வேலை செய்யும், ஆனால் அதில் நீங்களாக அனுப்ப வேண்டும். இரண்டும் வேறு வேறு பாதை. அப்புறம், சனிக்கிழமை சில கிளைகள் திறந்திருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், கிளை திறந்திருந்தாலும் ஸ்லிப்ஸ் ஓடாது. வங்கி விடுமுறை நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். நல்லூர்த் தேரன்று யாழ்ப்பாணம் முழுக்க வீதியில் நின்றாலும் அது அந்தப் பட்டியலில் இல்லை, அன்றைக்குக் கழிய வேண்டியது கழியும்.

கணக்கும் அட்டையும் ஒரே வங்கி என்றால் கதை வேறு. அது அவர்களுடைய கணினிக்குள்ளேயே நடக்கிற வேலை, லீவு நாளிலும் ஓட்டலாம். ஓட்டுவார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். சிலர் முந்தின வேலைநாளிலேயே கழித்துவிடுவார்கள், கடைசி நாளன்றுதான் சம்பளம் விழும் என்று இருக்கிற ஆட்களுக்கு இதுதான் பெரிய இடி. அதனால் கிளைக்குப் போய், கடைசி நாள் விடுமுறையில் வந்தால் முன்னுக்குக் கழிப்பீர்களா பின்னுக்கா, பின்னுக்கு என்றால் இடையில் உள்ள நாட்களுக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ போடுவீர்களா என்று கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை சொன்னது பிறகு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

போன வட்டிக்கு என்ன செய்யலாம்? 12ஆம் திகதி மீதியைக் காட்டுகிற கணக்குக் கூற்றை இணைத்து, கட்டணத்தைத் திருப்பிப் போடச் சொல்லி அட்டை வங்கிக்கு எழுதுங்கள். இடையில் காசு எடுத்ததால் இது உரிமை என்று சண்டை பிடிக்க முடியாது, கேட்டுப் பார்க்கலாம், ஒழுங்காகக் கட்டி வந்தவர் என்றால் பெரும்பாலும் இரங்குவார்கள். காசை ஒரு சதமும் தொடாமல் வைத்திருந்து, அவர்கள் பிந்தி இழுத்துவிட்டுக் கட்டணமும் போட்டிருந்தால் மட்டும் விடவே கூடாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935.

இனித் தானாகக் கழிக்க விடலாமா என்றால், விடுங்கள். கடைசி நாளுக்கு முந்தின வேலைநாளிலிருந்து ஸ்டேட்மென்டில் கழிந்ததாகக் காணும் வரைக்கும் அந்தத் தொகையை இல்லாத காசாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சித்திரை, வெசாக் மாதிரி லீவு தொடர்ச்சியாக வருகிற மாதங்களில் நான் என்றால் இரண்டு நாள் முந்தியே செஃப்ட்ஸில் கட்டிவிடுவேன்.

நீங்கள் முழுத் தொகை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, ஆனாலும் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகைக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு முழுதும் கழிகிறது என்று வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்த ஆட்களும் இருக்கிறார்கள். குறைந்தபட்சம் 5 வீதம் என்று வைத்தால், 80,000 ரூபாய் பில்லுக்கு 4,000 ரூபாய்தான் கழியும். தாமதக் கட்டணம் வராது, மிச்சம் 76,000க்கு வட்டி ஓடும், அதுவும் பொதுவாகச் சாமான் வாங்கின நாளிலிருந்து.

கேள்வி: லீவுக்கு முன்னமே ஆப்பில் முழுக் காசும் கட்டினேன். பிறகு வங்கி திரும்பவும் கழித்துவிட்டது. காசு போனதா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: போகவில்லை. சில வங்கிகளின் முறை இடையில் கட்டியதைப் பார்க்காது, ஸ்டேட்மென்டில் இருந்த தொகையை அப்படியே இழுக்கும். மேலதிகக் காசு உங்கள் அட்டையில் வரவாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும். அவசரம் என்றால் கணக்குக்கே திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். அடுத்த முறை கையால் கட்டுவதாக இருந்தால், அந்த மாதத்துக்கு மட்டும் தானியங்கிக் கழிப்பை நிறுத்தலாமா என்று ஒரு கிழமைக்கு முன்னரே விசாரியுங்கள், முதல் நாள் போய்ச் சொன்னால் அநேகமாக நிறுத்த மாட்டார்கள்.