அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) தியான வகுப்பு: 90,000 ரூபாய் கொடுக்கும் முன்

கேள்வி: கருங்கல் பக்கம் முந்திரி ஆலை நடத்துகிறேன். 60 பெண்கள் வேலை செய்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து, 3 நாள் தியானப் பயிற்சி, தலைக்கு 1,500 ரூபாய், முடிவில் சான்றிதழ் என்கிறார். அது இல்லாவிட்டால் தொழிற்சாலை ஆய்வில் பிரச்சினை வருமாம். காலையில் அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி நடத்தலாமா?

பதில்: முதலில் அந்தச் சான்றிதழ் பயத்தை விடுங்கள். ஊழியருக்குத் தியானம் கற்றுக்கொடுத்ததாகச் சான்றிதழ் காட்டச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. "செலவை இஎஸ்ஐயில் திரும்ப வாங்கித் தருகிறேன்" என்பது இவர்களுடைய அடுத்த பாட்டு. அதுவும் கிடையாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கழிப்பறையையும் காற்றோட்டத்தையும் நின்று பார்த்திருந்தால் இந்த இடைத்தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டுப் போவதால்தான் காகிதம் விற்க ஆள் வருகிறது. 10 நாள் விபாசனா தியான முகாம்களுக்கே கட்டணம் இல்லை, விரும்பியவர் நன்கொடை கொடுக்கலாம். மன அழுத்தத்துக்கான பயிற்சியாகத் தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் 1979-ல் தொடங்கிய பயிற்சி இப்போது 8 வார வகுப்பாக நடக்கிறது. உங்களிடம் வந்தவர் 3 நாளில் எதைத் தரப்போகிறார்?

அப்புறம் நேரம். உங்கள் ஆலையில் கொட்டை உடைப்புக்கும், பருப்பின் தோலை உரிக்கும் பீலிங்குக்கும் கிலோ கணக்கில்தானே கூலி? அந்தப் பெண்களுக்கு அரை மணி நேரம் என்பது பணம். காலையில் முன்னதாக வரச் சொன்னால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பஸ் பிடிக்கிறவள் என்ன செய்வாள்? கட்டாயம் என்று சொன்னால் அது வேலை நேரம்தான். வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைக் கூலி. வேலை நேரத்துக்குள் வைத்தால், அவரவர் சராசரி உடைப்பைக் கணக்கிட்டு அந்த நேரத்துக்கும் கூலி போடுங்கள்.

ஓம், மந்திரம், சாமி படம் எதுவும் வேண்டாம். பல மதத்தவரும் சேர்ந்து வாழும் நம் குமரி மாவட்டத்தில் அது ஏன் என்று உங்களுக்கே தெரியும். மூச்சைக் கவனிப்பது போதும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரையும் கண்ணை மூடி உட்கார வைக்காதீர்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், பெரிய இழப்பைச் சுமக்கிறவர், அடி உதை வாங்கி வளர்ந்தவர் ஆகியோருக்கு நீண்ட மௌனம் சில சமயம் படபடப்பைக் கூட்டிவிடும். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன கணவனின் உடல்கூடக் கிடைக்காத பெண்கள் நம் கரையோரத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தி உங்கள் ஆலையிலும் இருக்கலாம். கண்ணை மூடியதும் அவள் மனசில் என்ன காட்சி வரும் என்று பயிற்சியாளர் யோசித்திருப்பாரா? விபாசனா முகாமில் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள். இவர் கேட்டாரா? கண் திறந்திருக்கலாம், எழுந்து போகலாம், வராமலே இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது அழுதாலோ தூக்கம் கெட்டுப்போனதாகச் சொன்னாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 14416-க்குப் போன் செய்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம்.

2024-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பார்த்தது. இதுபோன்ற வகுப்புகளில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலையின் சுமை அப்படியே இருந்தால் மூச்சுப்பயிற்சி எவ்வளவு தூரம் தாங்கும்?

அந்த 90,000 ரூபாயில் முதலில் கையுறை வாங்குங்கள். முந்திரித் தோட்டிலிருந்து கசியும் தோட்டெண்ணெய் பட்டுக் கை வெந்தவளுக்கு மன அமைதி எங்கிருந்து வரும்? முதுகு சாய்க்க இருக்கை, பீலிங் அறைக்கு மின்விசிறி என்று செலவழியுங்கள். மிச்சமிருந்தால் சாயங்காலச் சாயாவுக்குப் பிறகு 10 நிமிடம், கூலியோடு, விருப்பமுள்ளவர்கள் மட்டும் உட்காரட்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்று நோட்டில் எழுத வேண்டாம். அந்த நேரத்தில் சூப்பர்வைசரும் அங்கே நிற்க வேண்டாம்.