‘பிரிவு 8-ன்படி தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தால்?

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. எம்-புக் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்), பில் நகல்கள் கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போட்டேன். ‘சட்டப் பிரிவு 8-ன்படி வழங்க இயலாது’ என்று ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

பதில்: முதலில், கடிதம் வந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்கான 30 நாள் கணக்கு, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். அதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி.

பிரிவு 8(1)-இல் மட்டும் பத்து உட்பிரிவுகள் இருக்கின்றன: நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம், விசாரணை, தனிநபர் தகவல் என்று. இதில் எது உங்கள் தெருச் சாலைக்குப் பொருந்துகிறது? அதைச் சொல்லாத கடிதம் சட்டப்படி அரைகுறை. மறுப்பதற்கான காரணம், யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரம் எல்லாம் எழுத வேண்டும் என்கிறது பிரிவு 7(8). மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பையும் பிரிவு 19(5) பொது தகவல் அலுவலர் தலையில்தான் வைக்கிறது.

எம்-புக்கில் இருப்பது சாலையின் நீளம், அகலம், கனம், அளந்த தேதி, பொறியாளர் கையெழுத்து. பொதுப்பணத்தில் நடந்த வேலையின் கணக்கு அது. மறைக்க அதில் ரகசியம் ஏதும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

‘விசாரணை நடக்கிறது’ என்று 8(1)(எச்)-ஐக் காட்டினால், நகல் கொடுப்பதால் அந்த விசாரணை எப்படிக் கெடும் என்று அவர்கள் விளக்க வேண்டும். விசாரணை நடப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று 2007-இல் பகத் சிங் என்ற மனுதாரரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கவலை தருவது 8(1)(ஜே). பொது நலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்ற வரி முன்பு அந்த உட்பிரிவிலேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்தது. ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறதே என்று பில்லை மறுக்க இனி இதைக் காட்டக்கூடும். ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதில் உள்ள பொது நலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம். மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கூடவே பிரிவு 10-ஐயும் எழுதுங்கள்: வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம்.

முதல் மேல்முறையீட்டை அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, ஒப்புகையோடு அனுப்புங்கள். முடிவு சொல்ல அவருக்கு 30 நாள், மிஞ்சினால் 45. அப்புறமும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு மனுவும் போடுங்கள். பிரிவு 2(ஜே) ஆவணங்களோடு வேலையையே நேரில் பார்வையிடவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. பெயர்ந்த காங்கிரீட் துண்டையே கேளுங்கள்.